1,400 சதுர அடியில் தனி வீடு: ஹூஸ்டன் விதியை மாற்றிய கதை

ஹூஸ்டன் என்று சொன்னவுடனே நகரத் திட்டமிடல் தெரிந்தவர்கள் சொல்லும் முதல் விஷயம், அங்கே ஜோனிங் கிடையாது என்பது. உண்மைதான். அமெரிக்காவின் நான்காவது பெரிய நகரம், சுமார் 23 லட்சம் மக்கள், ஆனாலும் எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடை, எந்த இடத்தில் பட்டறை என்று வண்ணம் பூசிப் பிரித்த வரைபடம் அந்த ஊருக்கு இல்லை. 1948, 1962, 1993 என்று மூன்று முறை வாக்கெடுப்பு நடத்திப் பார்த்தார்கள், மூன்று முறையும் மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். இதைக் கேட்டதும் பலர், அப்படியானால் அங்கே யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கட்டலாம் போல என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சரியில்லை. தனி வீடு கட்டுவதற்கு அங்கேயும் விதி உண்டு, அதுவும் நிறையவே உண்டு. நகரச் சட்டத் தொகுப்பின் 42ஆம் அத்தியாயம் மனை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், தெருவிலிருந்து எவ்வளவு தள்ளிச் சுவர் எழுப்ப வேண்டும், டிரைவ்வே (தெருவிலிருந்து வீட்டுக்குள் கார் போகும் வழி) எவ்வளவு அகலம் என்றெல்லாம் சொல்கிறது. பார்க்கிங்குக்குத் தனி அத்தியாயம். ஒரு வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்த இடம் கட்டாயம்.

இந்த விதிகளில் ஒரே ஒரு எண்ணை 1998இல் மாற்றினார்கள். குறைந்தபட்ச மனை அளவு. அந்த ஒரு எண் மாறியதால் ஊரின் நடுப்பகுதி இருபத்தைந்து ஆண்டுகளில் அடையாளம் தெரியாமல் போனது. இன்றைக்கு அமெரிக்காவில் வீட்டு விலை பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்த உதாரணத்தைத்தான் எடுக்கிறார்கள், பெரும்பாலும் பாதிக் கதையை மட்டும். எனக்கு இதில் எண்ணைவிட, அந்த எண்ணை மாற்றுவதற்காக நகரம் சில தெருக்களுக்குக் கொடுத்த விலக்குதான் முக்கியமாகப் படுகிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பழைய நிலை

1998 வரை ஹூஸ்டனில் ஒரு தனி வீட்டுக்கு மனை குறைந்தது 5,000 சதுர அடி இருக்க வேண்டும். நம் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்குச் சற்றுக் கூட, சென்ட்டில் சொன்னால் பதினொன்றரை. 50 அடி அகலம், 100 அடி நீளம், இதுதான் பழைய லேஅவுட்களில் சாதாரண மனை. நம் ஊரில் அவ்வளவு இடம் இருந்தால் பங்களா என்போம், அங்கே அதுதான் சட்டம் அனுமதிக்கும் மிகச் சிறிய மனை. நிலம் மலிவாக இருந்தவரை யாருக்கும் இது உறுத்தவில்லை. ஊர் வெளியே வெளியே விரிந்துகொண்டே போனது, நெடுஞ்சாலை போட்டார்கள், பண்ணை நிலம் லேஅவுட் ஆனது.

1980களில் எண்ணெய் விலை சரிந்தபோது ஹூஸ்டன் பலமாக அடி வாங்கியது. வேலை போனது, வீடுகள் காலியாகின, நகரின் மையத்தை ஒட்டிய பல தெருக்கள் பாழடைந்தன. 1990களில் பொருளாதாரம் எழுந்து நின்றபோது, அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வீடு வேண்டும் என்று கேட்கும் ஆட்கள் வந்தார்கள். ஊரை ஒரு வளையமாகச் சுற்றும் 610 லூப் சாலைக்கு உள்ளே நிலத்தின் விலை ஏறியது. அங்கே ஒரு பழைய சிறிய மர வீட்டை வாங்கி இடித்தால், 5,000 சதுர அடி விதிப்படி அந்த இடத்தில் மறுபடி ஒரே ஒரு வீடுதான் கட்ட முடியும். நிலத்துக்கே அவ்வளவு கொடுத்தவர் சிறிய வீடா கட்டுவார்? பெரிதாகக் கட்டி அதற்கேற்ற விலைக்கு விற்பார். விதி பெரிய வீட்டைக் கட்டச் சொல்லவில்லை, ஆனால் கணக்கு அங்கேதான் கொண்டுபோய் விட்டது.

1998இல் என்ன மாறியது

லூப் 610க்கு உள்ளே இருக்கும் பகுதிக்கு, அதாவது கிட்டத்தட்ட 96 சதுர மைல், குறைந்தபட்ச மனை அளவை 3,500 சதுர அடியாக்கினார்கள். அதோடு நிற்கவில்லை. திறந்தவெளி கொஞ்சம் ஒதுக்கினாலோ அல்லது வேறு சில நிபந்தனைகளுக்கு உட்பட்டாலோ 1,400 சதுர அடி வரை இறங்கலாம் என்றார்கள். மூன்று சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல்.

நிபந்தனைகளைப் பார்த்தால் அதை எழுதியவர்களின் கணக்கு புரியும். கட்டடம் மனையில் 60 சதவீதத்துக்கு மேல் மூடக் கூடாது, தண்ணீர் உறிஞ்சும் மண்ணாக 150 சதுர அடியாவது விட வேண்டும், மொத்தத்தில் ஏக்கருக்கு 27 வீட்டுக்கு மேல் போகக் கூடாது. இந்த 27ஐக் கொஞ்சம் வகுத்துப் பாருங்கள். ஏக்கருக்கு 43,560 சதுர அடி, 27ஆல் வகுத்தால் வீட்டுக்கு ஏறக்குறைய 1,613. ஆக 1,400 சதுர அடி மனை, மீதி 213 சதுர அடி பொது டிரைவ்வேக்கு அந்த வீட்டின் பங்கு. பழைய 50க்கு 100 மனையை எடுத்தால் ஏக்கரில் சுமார் 0.115, அதில் மூன்று வீடு வரும், நான்கு வராது. இதனால்தான் ஹூஸ்டனில் ஒரு பழைய வீடு இருந்த இடத்தில் மூன்று மூன்றாக ஒல்லியான உயரமான வீடுகள் நிற்பதைப் பார்க்கிறோம். கட்டடக் கலைஞரின் ரசனை அதில் குறைவு, வகுத்தல் கணக்கு அதிகம்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த மூன்றும் சட்டத்தின் பார்வையில் தனி வீடுகள். அடுக்குமாடி கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மனை, தனிப் பத்திரம், தனி வரி. சென்னையில் ஃபிளாட் வாங்குகிறவர் யு.டி.எஸ். எவ்வளவு என்று கேட்டு, பிரிக்கப்படாத பங்கைப் பத்திரத்தில் பார்த்துத் திருப்திப்படுகிறார் அல்லவா, அந்தப் பேச்சே இங்கே இல்லை. மண் முழுக்க உங்களுடையது. வங்கிக் கடனும் சாதாரண வீட்டுக் கடன் மாதிரியே கிடைக்கும். பில்டர்களுக்கும் இது வசதி. நூறு வீட்டு அடுக்குமாடி கட்ட வேண்டுமானால் பெரிய முதலீட்டாளர் வேண்டும், மூன்று வீடு கட்ட ஒரு சிறிய ஒப்பந்தக்காரர் போதும், விற்று முடித்துவிட்டு அடுத்த மனைக்குப் போவார். இந்த மாற்றம் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இந்தச் சின்ன ஆட்கள் ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

சில வீடுகளின் சுவர்கள் ஒட்டியே இருக்கும், பல வீடுகளுக்கு இடையில் ஒரு கை நுழையும் அளவு இடைவெளி. அந்தப் பக்கம் ஜன்னல் வைக்க முடியாது, எல்லையிலிருந்து மூன்று அடிக்குள் சுவர் வந்தால் தீப் பாதுகாப்பு விதி அதில் எந்தத் திறப்பையும் அனுமதிக்காது. எனவே வெளிச்சம் முன்பக்கமும் பின்பக்கமும் மட்டுமே. கீழ்த்தளத்தில் கராஜும் ஒரு படுக்கையறையும், முதல் மாடியில் ஹாலும் சமையலறையும், இரண்டாம் மாடியில் மற்ற படுக்கையறைகள், சில வீடுகளில் அதற்கும் மேலே ஒரு மொட்டை மாடி. ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வரும் அப்பா அம்மா மூட்டு வலியோடு காபி குடிக்க ஒரு மாடி ஏற வேண்டும், தூங்க இன்னொன்று. ஹூஸ்டன் தமிழர்களில் பலர் சுகர்லாண்ட், கேட்டி, பேர்லாண்ட் என்று புறநகரில் குடியேறியதற்குப் பள்ளிக்கூடம்தான் முக்கியக் காரணமாகச் சொல்லப்படும், படிக்கட்டும் ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

விலக்கு என்னும் சாவி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் எந்த நகரத்திலும் தனி வீட்டுத் தெருவில் அடர்த்தியைக் கூட்டுகிறோம் என்று சொன்னால் அடுத்த வாரமே மன்றக் கூட்டத்தில் இருநூறு பேர் வந்து நிற்பார்கள். ஹூஸ்டனில் எப்படித் தப்பித்தார்கள்? எதிர்ப்பவர்களில் சத்தமாக எதிர்க்கக்கூடியவர்களுக்கு வெளியேற ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள்.

ஒரு வாசல் ஏற்கெனவே இருந்தது. அதுதான் பத்திரக் கட்டுப்பாடு. லேஅவுட் போட்டவர் நூறு ஆண்டுக்கு முன்பே பத்திரத்தில் எழுதி வைத்திருப்பார்: இந்த மனையில் ஒரு குடும்பத்துக்கான ஒரு வீடு மட்டுமே, மனையைப் பிரிக்கக் கூடாது, சுவர் தெருவிலிருந்து இத்தனை அடி. 1920களில் தொடங்கிய ரிவர் ஓக்ஸ் இதற்குப் பேர்போன உதாரணம், ஊரின் பெரும் பணக்காரர்கள் வாழும் இடம். (அந்தக் காலப் பத்திரங்கள் பலவற்றில் வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. 1948இல் உச்ச நீதிமன்றம் அதை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. மற்ற வரிகள் அப்படியே நின்றன.) வேறு ஊர்களில் இப்படி ஒரு தனியார் ஒப்பந்தம் மீறப்பட்டால் பக்கத்து வீட்டுக்காரர்தான் கைக்காசு போட்டு வழக்குத் தொடர வேண்டும். ஹூஸ்டனில் 1965இல் மாநிலச் சட்டம் ஒன்று நகராட்சிக்கே அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. நகர வழக்கறிஞர் அரசுச் செலவில் வழக்குப் போடுவார். ஜோனிங் வேண்டாம் என்று வாக்களித்த ஊர், தெருத் தெருவாகத் தனியார் எழுதிக்கொண்ட ஜோனிங்குக்குக் காவல் நிற்கிறது என்று சொல்லலாம்.

இரண்டாவது வாசல் 1998 மாற்றத்தோடு வந்தது. பத்திரக் கட்டுப்பாடு காலாவதியாகிவிட்ட, அல்லது எப்போதுமே இல்லாத தெருக்களுக்கு. ஒரு பிளாக்கின் (இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு நடுப்பட்ட பகுதி) ஒரு பக்கத்தில் இருக்கும் உரிமையாளர்களில் பெரும்பான்மையினர் மனுவில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே பரவலாக இருக்கும் மனை அளவையே அந்த இடத்துக்குச் சிறப்புக் குறைந்தபட்ச அளவாக நகரம் அறிவிக்கும். அப்புறம் அங்கே யாரும் மனையைப் பிளக்க முடியாது. அறிவிப்பு 40 ஆண்டு செல்லும். வீட்டின் முன் இடைவெளிக்கும் இதே மாதிரி ஒரு ஏற்பாடு.

அரசியல் சாமர்த்தியம் என்று பார்த்தால் இது நன்றாகவே யோசித்துச் செய்த வேலை. நகரம் முழுக்க ஒரே சண்டையாக நடக்க வேண்டியதைத் தெருத் தெருவாக உடைத்துவிட்டார்கள். எதிர்க்கிறவர், ஊரே இப்படி மாறக் கூடாது என்று மேடையில் பேசத் தேவையில்லை, என் தெரு மாறக் கூடாது என்று கையெழுத்து வாங்கினால் போதும். வாங்கியவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார், மாநகர அளவில் எதிர்ப்பு பாதியாகக் குறையும். தெருவில் பெரும்பான்மை சேராவிட்டால், உங்கள் பக்கத்து வீட்டுக்காரரே உங்களோடு இல்லை என்று நகரம் காட்டலாம். நான் பார்த்த வரையில் இந்த மாதிரிச் சீர்திருத்தங்களில் தோற்றவை பெரும்பாலும் எல்லோரையும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி கட்டாயப்படுத்தப் பார்த்தவை.

ஆனால் யாரால் கையெழுத்து வாங்க முடியும்? வீட்டில் சொந்தக்காரரே குடியிருக்க வேண்டும், ஒருவரையொருவர் தெரிந்திருக்க வேண்டும், விண்ணப்பத்தைப் படித்து மனை அளவுகளைப் பட்டியலிட்டு நகர அலுவலகத்துக்கு அலையக்கூடிய ஒருவராவது தெருவில் இருக்க வேண்டும். வாடகைக்காரர்கள் நிறைந்த தெருவில், உரிமையாளர் எங்கோ வேறு மாநிலத்தில் இருக்கும் தெருவில், தாத்தா உயில் எழுதாமல் இறந்து பேரன் பேத்திகள் பத்துப் பேருக்குப் பங்கு இருக்கும் வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவில் இது நடக்காது. அந்த வாசல் சட்டப்படி எல்லோருக்கும் திறந்திருந்தது, நடைமுறையில் ஏற்கெனவே சங்கம் வைத்திருந்தவர்களுக்கு.

வீடுகள் எங்கே வந்தன

வாஷிங்டன் அவென்யூவை ஒட்டிய ரைஸ் மிலிட்டரி, காட்டேஜ் குரோவ், வெஸ்ட் எண்ட் போன்ற பகுதிகளில் முதல் அலை அடித்தது. நகர மையத்துக்கு மேற்கே, சிறிய மர வீடுகளும் கிடங்குகளும் கலந்து கிடந்த இடங்கள். ஜோனிங் இல்லாததால் கிடங்கை இடித்து வீடு கட்ட நில உபயோகத்தை மாற்றித் தரச் சொல்லி மனுப் போட வேண்டியதில்லை. நோலன் கிரே, ஆடம் மில்சாப் இருவரும் இந்த மாற்றத்தை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், சிறு மனை வீடுகள் பெரும்பாலும் நடுத்தர வருமானப் பகுதிகளில் எழுந்தன என்று கண்டார்கள். மிகப் பணக்காரப் பகுதிகள் பத்திரக் கட்டுப்பாட்டுக்குள் பத்திரமாக இருந்தன என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கையில் பத்தாயிரக்கணக்கான வீடுகள். அடுக்குமாடி இல்லை, மெட்ரோ ரயிலை நம்பி வரைந்த பெரிய திட்டம் இல்லை, மூன்றும் ஆறும் எட்டுமாக எழுந்தவை. இவை மலிவு வீடுகளா என்று கேட்டால் இல்லை. ஏழைகளுக்குக் கட்டியவை அல்ல. ஆனால் அதே இடத்தில் 5,000 சதுர அடியில் வந்திருக்கும் ஒற்றை வீட்டைவிட ஒவ்வொன்றும் விலை குறைவு, ஏனென்றால் நிலத்தின் விலையை மூன்றாகப் பங்கிட்டிருக்கிறார்கள். ஆசிரியர் தம்பதி, மருத்துவமனை வளாகத்தில் வேலை பார்க்கும் இளைஞர் இவர்கள் லூப்புக்குள் சொந்த வீடு வாங்க முடிந்தது இதனால்தான். இல்லாவிட்டால் இன்னொரு இருபது மைல் தள்ளிப் போயிருப்பார்கள்.

2013இல் இந்த விதியை லூப்புக்கு வெளியே நகர எல்லை முழுவதுக்கும் நீட்டினார்கள். அப்போது அனிஸ் பார்க்கர் மேயர். வெளிப்பகுதிக் குடியிருப்புத் தெருக்களை உடனே திறந்துவிடாமல், விலக்கு வேண்டுபவர்கள் மனுப் போட அவகாசம் கொடுத்தார்கள். 1998இல் கற்ற அதே பாடம். 2023இல் இன்னொரு திருத்தம், நடுவில் முற்றம் விட்டுச் சுற்றிச் சிறு வீடுகள், பின்கட்டு வீடு இவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்தது. அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை.

தெருவில் இறங்கிப் பார்த்தால்

மனை அளவைக் குறைப்பது எளிது, குறைத்த மனைக்குள் கார் எப்படிப் போகும் என்பதுதான் கஷ்டம். ஒரு வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்துமிடம் என்ற விதியைத் தொடவில்லை. பதினாறு பதினேழு அடி அகலமுள்ள மனையில் இரண்டு கார் கராஜ் வைத்தால் வீட்டின் முகம் முழுவதும் கராஜ் கதவுதான். மூன்று வீடும் தெருவைப் பார்த்தால் மூன்று டிரைவ்வே, நடைபாதை மூன்று இடத்தில் வெட்டுப்படும், தெருவோரம் ஒரு கார்கூட நிறுத்த முடியாது. ஆக, வீட்டுக்குள் ஆறு கார் இடம் உண்டாக்க, எல்லோருக்கும் பொதுவான தெருவோர இடத்தை அழித்தார்கள். விருந்தாளி வந்தால் அடுத்த தெருவில் தேட வேண்டியதுதான்.

உள்ளூர்த் தெருவில் வீடு பத்தடி தள்ளி இருந்தால் போதும், ஆனால் கராஜ் கதவு தெருவைப் பார்த்தால் பதினேழு அடி தள்ளி இருக்க வேண்டும் என்றொரு விதி உண்டு. காரணம் எளிது. பத்தடியில் கதவு வைத்தால் டிரைவ்வேயில் நிறுத்திய காரின் பின்பாதி நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும். பெரிய பிக்கப் டிரக் ஓட்டும் ஊரில் பதினேழு அடியும் போதாது. அது வேறு விஷயம்.

இதற்கு நல்ல மாற்று, பொது டிரைவ்வே. தெருவிலிருந்து பதினாறு அடி அகலத்தில் ஒரே ஒரு வழி உள்ளே போகும், இரண்டு பக்கமும் வீடுகள், கராஜ்கள் எல்லாம் உள்பக்கம் பார்க்கும். நீளம் 200 அடிக்கு மேல் போகக் கூடாது, தீயணைப்பு வண்டி தெருவிலேயே நின்று குழாயை இழுக்க வேண்டுமே. தெருவைப் பார்த்து வாசலும் ஜன்னலும் வரும், நடைபாதையில் ஒரே ஒரு வெட்டுதான். கட்டடமாகப் பார்த்தால் இது எவ்வளவோ மேல். ஆனால் அந்த வழி பொதுச் சாலை இல்லை, எனவே அதைப் பராமரிப்பது யார்? ஆறு வீட்டுக்கு ஒரு சங்கம், விரிசல் விட்டால் யார் எவ்வளவு கொடுப்பது என்று மின்னஞ்சல் சண்டை. குப்பை நாளில் ஆறு வீட்டுப் பெரிய தொட்டிகளையும் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு வந்து வரிசை வைக்க வேண்டும், முன் வீட்டுக்காரர் வாசலில்தான் அந்த வரிசை நிற்கும். இவையெல்லாம் சில்லறை விஷயமாகத் தெரியலாம். நான் அப்படி நினைக்கவில்லை, புது வீடுகள்மேல் பழைய குடிகளுக்கு வரும் எரிச்சலில் பெரும்பங்கு இந்தச் சில்லறையிலிருந்துதான் கிளம்புகிறது.

தண்ணீர்

ஹூஸ்டன் தட்டையான ஊர், களிமண் தரை, மழை பெய்தால் கொட்டித் தீர்க்கும். பழைய பகுதிகள் பலவற்றில் மூடிய வடிகால் கிடையாது, தெருவின் இரண்டு பக்கமும் திறந்த வாய்க்கால்தான். டவுன்ஹவுஸ் எனப்படும் இந்த ஒல்லி வீடுகள் வந்ததும் ஒவ்வொரு டிரைவ்வேக்கும் வாய்க்காலில் குழாய் பதித்து மேலே கான்கிரீட் போட்டார்கள். குழாய் சிறிதாக இருந்தாலோ அடைத்துக்கொண்டாலோ மேல்பக்கத்துப் பழைய வீட்டு முற்றத்தில் தண்ணீர் நிற்கும். புது வீட்டுக்காரருக்குக் கீழ்த்தளத்தில் கராஜ், பக்கத்துப் பாட்டி வீட்டில் கட்டில்.

2015, 2016இல் வெள்ளம், 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல். ஹார்வியின்போது சிறு மனை வீடுகள்தான் ஊரை மூழ்கடித்தன என்று சொன்னவர்கள் உண்டு. அதை நான் ஏற்க மாட்டேன். அவ்வளவு மழைக்கு எந்த லேஅவுட்டும் தாங்கியிருக்காது. மேலும், ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு கான்கிரீட் என்று பார்த்தால், நகருக்கு வெளியே புல்வெளியை அழித்துச் சாலையும் கடைவாசல் பார்க்கிங்கும் போட்டுக் கட்டும் பெரிய வீடு இதைவிட அதிகமாக மண்ணை மூடுகிறது. ஆனால் தெரு மட்டத்தில் புகார் நியாயமானது. மனைக்கு 150 சதுர அடி மண் என்பது மிகக் குறைவு, பத்துக்குப் பதினைந்து அடி அறை அளவு. ஒரு பிளாக்கில் ஒருவர் மட்டும் மனையைப் பிளந்தால் பரவாயில்லை, பிளாக் முழுக்கப் பிளந்தால் அதே வாய்க்கால் தாங்குமா என்று விதியை எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும், வடிகாலை விரிவாக்கும் செலவை மனைப்பிரிவோடு சேர்த்து வசூலித்திருக்க வேண்டும். 2018இல் நகர மன்றம் 9க்கு 7 என்ற வாக்கில் வெள்ளச் சமவெளியில் புதிதாகக் கட்டும் வீடுகளின் தரைமட்டம் 500 ஆண்டு வெள்ள மட்டத்துக்கு (எந்த ஆண்டிலும் வர ஐநூறில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளம்) இரண்டடி மேலே இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. நல்ல விதி. ஆனால் அது புது வீட்டை உயர்த்துகிறது, பழைய வீட்டை உயர்த்தாது.

விலை கொடுத்தவர்கள்

நகர மையத்துக்கு ஒட்டினாற்போல் ஃபோர்த் வார்டு. அடிமைத்தளையிலிருந்து 1865இல் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் உருவாக்கிய குடியிருப்பு, ஃப்ரீட்மென்ஸ் டவுன் என்று பெயர். தெருவுக்கு அவர்களே செங்கல் பதித்தார்கள். ஒற்றை அறையை அடுத்து ஒற்றை அறையாக நீளும் குறுகிய மர வீடுகள் அங்கே நூற்றுக்கணக்கில் இருந்தன. இன்று அங்கே போனால் பெரும்பாலும் டவுன்ஹவுஸ்கள். இதற்கு மனை அளவு விதி மட்டும் காரணமில்லை, அதற்கு முன்பே பல பத்தாண்டுகளாக அந்த இடத்தை நெடுஞ்சாலை முதல் பலதும் கடித்துத் தின்றுகொண்டிருந்தன. ஆனால் விதி மாறியதும் மிச்சமிருந்ததைச் சீக்கிரம் விழுங்க வழி கிடைத்தது.

இன்னொரு பழைய கறுப்பினப் பகுதியான தேர்டு வார்டில் கதை கொஞ்சம் வேறு. அந்தப் பகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக இருந்த கார்னெட் கோல்மன், டவுன்ஹவுஸ் அலை வருவதைப் பார்த்து, பக்கத்து மிட்டவுன் பகுதியின் வரி வளர்ச்சி நிதியை (சொத்து மதிப்பு ஏறுவதால் கூடுதலாக வரும் வரியை ஒதுக்கி வைக்கும் நிதி) கொண்டு தேர்டு வார்டில் காலி மனைகளை வாங்கிப் போட வைத்தார். வாங்கி, குறைந்த வருமானக்காரர்களுக்கு மட்டுமே என்று கட்டுப்பாடு எழுதி வைப்பது திட்டம். ரிவர் ஓக்ஸ்காரர்கள் பயன்படுத்திய அதே பத்திரக் கருவி, எதிர்த் திசையில். இதனால் நிலம் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தது என்று விமர்சனம் உண்டு, அதிலும் உண்மை இருக்கிறது. எனினும் மனுவில் கையெழுத்து வாங்க முடியாத தெருக்களுக்கு என்ன வழி என்ற கேள்விக்கு ஊரில் யாராவது ஒரு பதில் முயன்றார்கள் என்றால் அது இதுதான்.

சொத்து வரியையும் சொல்ல வேண்டும். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, அதற்குப் பதில் சொத்து வரி பலமாக இருக்கும். பக்கத்து மனை மூன்றாகப் பிளந்து விற்கப்பட்டால் உங்கள் நிலத்தின் மதிப்பும் ஏறும், வரியும் ஏறும். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது என்று மாநிலச் சட்டம் காக்கிறது. ஆனால் அந்தச் சலுகை வாங்க வீட்டில் உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று காட்ட வேண்டும். மேலே சொன்ன உயில் எழுதாத தாத்தா வீட்டுக்காரர்கள் இங்கேயும் மாட்டிக்கொள்கிறார்கள். வாடகைக்காரருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை, வீட்டுக்காரர் விற்றுவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, அப்படியானால் விதியை மாற்றாமலே இருந்திருக்கலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன். 5,000 சதுர அடி விதி இருந்திருந்தாலும் லூப்புக்குள் நிலம் விலை ஏறியிருக்கும், மர வீடுகள் இடிக்கப்பட்டிருக்கும், அந்த இடங்களில் மூன்று குடும்பத்துக்குப் பதில் ஒரு பணக்காரக் குடும்பம் வந்திருக்கும். தவறு மனையைச் சிறிதாக்கியதில் இல்லை. விலக்கைக் கையெழுத்து வாங்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்ததில் இருக்கிறது. பணக்காரத் தெருக்களும் சம பங்கு ஏற்றிருந்தால் அழுத்தம் ஊர் முழுக்கப் பரவி, ஃபோர்த் வார்டின் மேல் இவ்வளவு விழுந்திருக்காது. ஆனால் அந்த விலக்கு இல்லாமல் சீர்திருத்தமே நிறைவேறியிருக்காது என்று வாதிடுகிறவர்களுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

மற்ற ஊர்கள் எடுத்துக்கொண்டது

ஆஸ்டின் 2024 மே மாதம் தன் குறைந்தபட்ச மனை அளவை 5,750 சதுர அடியிலிருந்து 1,800க்கு இறக்கியது. ஹூஸ்டன் போல் தெரு அளவில் மனுப் போடும் வழி அங்கே வைக்கவில்லை.

2025இல் டெக்சாஸ் மாநிலமே செனட் மசோதா 15ஐச் சட்டமாக்கியது, செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள, மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) இருக்கும் நகரங்கள், ஐந்து ஏக்கரோ அதற்கு மேலோ உள்ள புதிய லேஅவுட்களில் 3,000 சதுர அடிக்கு மேல் மனை வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஹூஸ்டனுக்கு இதனால் பெரிய வித்தியாசம் இல்லை, அது ஏற்கெனவே 1,400இல் நிற்கிறது. டாலஸ், ஃபோர்ட் வொர்த், சான் அன்டோனியோ போன்ற ஊர்களுக்கு உண்டு. மாநிலம் எடுத்த வழியையும் பாருங்கள், மக்கள் ஏற்கெனவே குடியிருக்கும் தெரு எதையும் தொடவில்லை, காலி நிலத்தை மட்டும் தொட்டது. அங்கே கையெழுத்துப் போட யாரும் இல்லை. எதிர்க்கவும் யாரும் இல்லை. அதனால் மசோதா நிறைவேறியது, அதனாலேயே அதன் பலன் பெரும்பாலும் ஊரின் ஓரத்தில்தான் விழும், வேலைக்கும் பள்ளிக்கும் நடந்தோ பஸ்ஸிலோ போகக்கூடிய பழைய தெருக்களில் விழாது.

ஹூஸ்டனில் அடுத்து பார்க்க வேண்டியது காலாவதி தேதிகள். பத்திரக் கட்டுப்பாடுகள் பலவும் இத்தனை ஆண்டு என்று எழுதப்பட்டவை, முடியும்போது பெரும்பான்மை உரிமையாளர்கள் மறுபடி கையெழுத்திட வேண்டும், இல்லையேல் செத்துவிடும். சிறப்பு மனை அளவுத் தெருக்களுக்கும் ஒரு நாள் கெடு முடியும். அப்போது அந்தத் தெருக்களில் யார் இருப்பார்கள், முதல் மனுவைச் சுமந்து அலைந்தவரின் பிள்ளைகள் கையெழுத்துப் போடுவார்களா, அல்லது மூன்றாகப் பிளந்தால் எவ்வளவு கிடைக்கும் என்று பில்டரிடம் விலை கேட்பார்களா என்பதைப் பொறுத்து லூப்புக்குள் அடுத்த அலை எங்கே அடிக்கும் என்பது முடிவாகும். என்னைக் கேட்டால், விலை கேட்பார்கள்.